மைசூர்ப் புலி திப்பு சுல்தான்

பத்தாம் வகுப்பு மாணவி

கிருஷ்ணகிரி நகரின் தலைக்குமேல் குடை பிடித்தாற்போல் நிற்கும் பெரும்பாறைக் குன்றைக் காணாதவர் நம் பள்ளியில் ஒருவரும் இருக்க மாட்டார். அதன் உச்சியில் ஒரு கோட்டை உண்டு. இராயக்கோட்டையிலும் அப்படியே. பென்னாகரத்தில் ஒரு காலத்தில் கோட்டை இருந்தது; அதன் கதையைப் பின்னர் சொல்கிறேன். இன்று தக்காளிக்கும் மாம்பழத்திற்கும் பெயர் பெற்று அமைதியாக இருக்கும் நம் தருமபுரியும், 2004ஆம் ஆண்டு வரை இதே மாவட்டத்தில் சேர்ந்திருந்த கிருஷ்ணகிரியும், இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் பாராமகால் என்னும் பெயரில் ஒரே நிலப்பகுதியாக விளங்கின. அந்தப் பாராமகாலின் அதிபதியாக இருந்து, அதை இழந்து, இறுதியில் தன் உயிரையும் இழந்த ஓர் அரசரின் வரலாற்றையே இங்கு எழுத முற்படுகிறேன். அவர்தாம் திப்பு சுல்தான்.

பெங்களூருக்கு வடக்கே உள்ள தேவனஹள்ளி என்னும் சிற்றூரில் திப்பு பிறந்தார். 1750 நவம்பர் 20 என்பது வழக்கமாகச் சொல்லப்படும் நாள். தந்தை ஐதர் அலி. தாய் பாத்திமா பக்ருன்னிசா, கடப்பைக் கோட்டையின் தலைவராக இருந்தவரின் மகள். நெடுநாள் குழந்தையில்லாத அப்பெற்றோர் ஆற்காட்டில் அடக்கமாகியுள்ள திப்பு மஸ்தான் அவுலியா என்னும் பெரியவரின் தர்காவில் வேண்டிக்கொண்டார்களாம். அதனால்தான் குழந்தைக்கு அப்பெயர். ஆகவே கன்னட நாட்டு மன்னரின் பெயர் நம் தமிழ்நாட்டு ஆற்காட்டிலிருந்து சென்ற பெயரே!

ஐதர் அலி அரச குலத்தில் பிறந்தவர் அல்லர். மைசூரை ஆண்ட உடையார் அரசர்களின் படையில் சாதாரண வீரராகச் சேர்ந்தவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் ஒருமுறை கேட்டதை மறவாத நினைவாற்றல் அவருக்கு இருந்தது. 1755இல் திண்டுக்கல்லின் படைத்தலைவரானார். 1761க்குள் மைசூர் அரசு முழுவதும் அவர் கைக்கு வந்துவிட்டது. உடையார் அரசர் அரண்மனையில் பெயரளவில் இருந்தார், ஆண்டவர் ஐதரே. அந்த ஏற்றத்திற்கு நடுவே ஒரு பெரும் வீழ்ச்சியும் நேர்ந்தது. 1760இல் ஐதரால் வளர்க்கப்பட்ட கண்டே ராவ் என்பவரே அவருக்கு எதிராகத் திரும்ப, மனைவி மக்களைச் சீரங்கப்பட்டணத்திலேயே விட்டுவிட்டு ஐதர் இரவோடிரவாகப் பெங்களூருக்குத் தப்பி ஓட நேர்ந்தது. பத்து வயதுச் சிறுவனாகிய திப்பு பகைவர் காவலில் இருந்தான். சில மாதங்களில் தந்தை மீண்டும் வென்றார் என்றாலும், நம்பியவர்கள் காட்டிக்கொடுப்பார்கள் என்ற பாடத்தை இவ்வளவு இளம் வயதிலேயே கற்ற பிள்ளையின் மனம் எப்படி வளர்ந்திருக்கும்! பிற்காலத்தில் திப்பு எவரையும் எளிதில் நம்பாதவராக இருந்தார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுவதைப் படிக்கும்போது எனக்கு இந்த நிகழ்ச்சியே நினைவுக்கு வருகிறது.

தமக்குக் கிட்டாத கல்வியை ஐதர் மகனுக்குக் குறைவின்றி அளித்தார். பாரசீகம், அரபி, உருது, கன்னடம் ஆகிய மொழிகளைத் திப்பு கற்றார். குதிரையேற்றமும் வாள்வீச்சும் ஒருபுறம். பிரெஞ்சு அதிகாரிகளிடம் புதிய போர்முறைப் பயிற்சி மறுபுறம். நூல்கள் மீது அவருக்கு இருந்த ஆசை இறுதிவரை குறையவில்லை. அவர் இறந்தபோது அரண்மனையில் ஏறத்தாழ இரண்டாயிரம் கையெழுத்துச் சுவடிகள் இருந்தன.

முதலாம் மைசூர்ப் போர் 1767இல் தொடங்கியபோது திப்புவுக்கு வயது பதினேழுகூட நிறையவில்லை. அந்தப் போரின் களம் பெரும்பாலும் நம் பகுதியே. செங்கத்திலும் திருவண்ணாமலையிலும் சண்டைகள் நடந்தன. காவேரிப்பட்டினமும் கிருஷ்ணகிரியும் தருமபுரியும் ஆங்கிலேயர் கைக்கும் ஐதர் கைக்குமாக மாறி மாறிச் சென்றன. ஒரு கோட்டை கைமாறுவது என்றால் பாடப் புத்தகத்தில் அது ஒரு வரி. ஆனால் கோட்டைக்குக் கீழே ராகியும் சாமையும் விதைத்து வாழ்ந்த குடியானவனுக்கு? வந்த படையும் அவன் களஞ்சியத்தைத் திறந்தது, போன படையும் அவன் மாட்டை ஓட்டிச் சென்றது. அக்காலத்தில் நம் முன்னோர் எத்தனை முறை மலையேறிக் காடுகளில் ஒளிந்திருப்பார்களோ! இளைஞர் திப்பு ஒரு குதிரைப் படையுடன் சென்னை நகரின் வாயில்வரை சென்று ஆங்கிலேயரைக் கலங்க வைத்தது இப்போரில்தான். 1769இல் சென்னையில் உடன்படிக்கை ஏற்பட்டது.

இரண்டாம் போரில், அதாவது 1780இல், ஐதர் பெரும்படையுடன் செங்கம் கணவாய் வழியாகக் கர்நாடகச் சமவெளியில் இறங்கினார். அந்த ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள் காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் நடந்த போர் திப்புவின் புகழை நாடெங்கும் பரப்பியது. கர்னல் பெய்லி என்பவரின் படை, காஞ்சியில் நின்ற தலைமைப் படையுடன் சேர்வதற்கு வந்துகொண்டிருந்தது. திப்பு அதை வழியிலேயே மறித்து நிறுத்தினார். ஐதரும் வந்து சேர்ந்தார். மைசூர் வீரர்கள் எறிந்த வாணங்கள் ஆங்கிலேயரின் வெடிமருந்து வண்டிகளில் பட்டு அவை வெடித்துச் சிதறின. பெய்லி சரணடைந்தார். இந்தியாவில் அதுவரை ஆங்கிலேயர் கண்டிராத தோல்வி அது. சீரங்கப்பட்டணத்தில் தரியா தௌலத் என்னும் கோடை மாளிகையின் சுவரில் இப்போரின் காட்சி இன்றும் வண்ண ஓவியமாக உள்ளது. சிறைப்பட்டவர்களுள் டேவிட் பெயர்டு என்னும் இளம் அதிகாரியும் ஒருவர். மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் அவர் சீரங்கப்பட்டணத்துச் சிறையில் விலங்குடன் கிடந்தார். இந்தப் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

வாணங்கள் என்றேனே, அவற்றைப் பற்றிச் சற்றுச் சொல்லாமல் மேலே செல்ல முடியாது. திருவிழாவில் விடும் வாணத்தில் மருந்தை அடைப்பது காகிதத்திலோ மூங்கிலிலோ. மைசூரிலோ அதை இரும்புக் குழாயில் அடைத்தார்கள். இரும்பு வெடிக்காமல் தாங்கும். ஆகவே மருந்தை மேலும் இறுக்கி அடைக்கலாம். அதனால் வாணம் வெகுதூரம் பாயும். குழாயுடன் நீண்ட மூங்கில் கழியோ வாளோ கட்டியிருப்பார்கள். ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால் பாய்ந்து சென்று அவை படைகளை நிலைகுலையச் செய்தன. திப்பு இதற்கெனத் தனிப் படைப்பிரிவுகளையே அமைத்தார். பின்னாளில் ஆங்கிலேயர் இவற்றை இங்கிலாந்துக்கு எடுத்துச் சென்று ஆராய, வில்லியம் காங்கிரீவ் என்பவர் தம் ராக்கெட்டுகளை உருவாக்கினார். நம் குடியரசுத் தலைவராக இருந்த டாக்டர் அப்துல் கலாம் இளமையில் அமெரிக்காவின் நாசா நிலையத்திற்குச் சென்றபோது, வரவேற்புக் கூடத்தில் திப்புவின் படை ராக்கெட்டு எறியும் ஓவியம் தொங்கக் கண்டு வியந்ததைத் தம் தன்வரலாற்றில் குறித்துள்ளார். 2018இல் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில் நகரா என்னும் ஊரின் பாழுங்கிணறு ஒன்றிலிருந்து ஆயிரத்திற்கும் மேற்பட்ட இவ்வகை ராக்கெட்டுகள் தோண்டி எடுக்கப்பட்டன.

போர் முடியுமுன்னரே 1782 டிசம்பர் 7ஆம் நாள் ஐதர் அலி சித்தூருக்கு அருகில் பாசறையிலேயே காலமானார். முதுகில் தோன்றிய இராஜபிளவையே காரணம். மகனோ அப்போது மலையாளக் கரையில் பொன்னானிப் பக்கம் போரிட்டுக் கொண்டிருந்தார். அரசர் இறந்தது தெரிந்தால் படை கலைந்துவிடும் என்று அஞ்சிய அமைச்சர்கள் பூர்ணய்யாவும் கிருஷ்ணராவும் செய்தியை மறைத்தனர். உடலை ஒரு பெட்டியில் வைத்து, கருவூலப் பொருள் செல்வதுபோல் கோலாருக்கு அனுப்பிவிட்டு, பாசறையில் எல்லாம் வழக்கம்போல் நடக்கச் செய்தார்கள். அம்மாதம் முடிவதற்குள் திப்பு வந்து ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். முடிசூட்டு விழா என்று ஆடம்பரம் ஏதுமில்லை. போருக்கு நடுவே வந்த அரசு, போருக்கு நடுவிலேயே போயிற்று. 1784 மார்ச் 11ஆம் நாள் மங்களூர் உடன்படிக்கையுடன் அந்தப் போர் ஓய்ந்தது. ஆங்கிலேயரே தூதர்களை அனுப்பிச் சமாதானம் கேட்க நேர்ந்ததால் அது திப்புவுக்குப் பெருமையாக அமைந்தது.

இனி எழுதப் போவது நம்மைப் போன்ற கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு எளிதில் எழுத வராத பகுதி. ஆயினும் அதை விட்டுவிட்டால் இது வாழ்க்கை வரலாறு ஆகாது, புகழ்மாலை ஆகிவிடும்.

மங்களூரை உள்ளடக்கிய கன்னடக் கடற்கரையில் கத்தோலிக்க மக்கள் பல்லாயிரவர் வாழ்ந்தனர். கோவாவிலிருந்து வந்து குடியேறிய கொங்கணி மொழியினர், நல்ல உழவர்கள். ஐதர் காலத்தில் இவர்களுக்குப் பெரிய துன்பம் இல்லை. ஐதர் கிறிஸ்தவக் குருக்களை மதித்தவரே. 1779இல் தஞ்சையிலிருந்து சென்ற சுவார்ட்ஸ் ஐயரை அவர் மரியாதையுடன் வரவேற்றுப் பேசினார். ஆனால் 1783இல் ஆங்கிலேயர் மங்களூரைப் பிடித்தபோது இம்மக்கள் அவர்களுக்கு உதவினர் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. திப்பு அதை நம்பினார். 1784ஆம் ஆண்டு பிப்ரவரியில், தவக்காலத்தின் முதல் நாளாகிய திருநீற்றுப் புதனன்று, ஊர் ஊராக அவர்கள் வளைத்துப் பிடிக்கப்பட்டார்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. குருக்கள் கோவாவுக்குத் துரத்தப்பட்டனர். இருபத்தைந்துக்கு மேற்பட்ட ஆலயங்கள் இடிக்கப்பட்டன; 1680இல் கட்டப்பட்ட மிலாகிரஸ் ஆலயமும் அவற்றுள் ஒன்று. ஆண், பெண், கைக்குழந்தை, கிழவர் என்ற வேறுபாடின்றி எல்லாரும் மேற்குத் தொடர்ச்சி மலையைக் கால்நடையாகக் கடந்து சீரங்கப்பட்டணத்துக்கு ஓட்டிச் செல்லப்பட்டார்கள். தொகை 30,000 என்பாரும் உண்டு, 60,000 என்பாரும் உண்டு. வழியில் பசியாலும் நோயாலும் மடிந்தவர் பலர். இளைஞர்கள் கட்டாயமாக மதம் மாற்றப்பட்டுப் படையில் சேர்க்கப்பட்டனர். மறுத்தவர்கள் கொடுந்தண்டனை பெற்றனர். பதினைந்து ஆண்டுகள் இச்சிறைவாழ்வு நீடித்தது. அதாவது, அந்தப் புதனன்று தாயின் இடுப்பில் சென்ற குழந்தை, திரும்பி வரும்போது என் வயதில் இருந்திருக்கும்.

குடகு மக்களுக்கும் மலையாள நாட்டு நாயர்களுக்கும் இதே போன்ற துயரம் நேர்ந்தது. கலகம் செய்தவர்களை வேரோடு பெயர்த்து வேற்றிடத்தில் நட்டால் கலகம் அடங்கும் என்பது திப்புவின் எண்ணம். அடங்கவில்லை, கிளைத்தது.

அப்படியானால் அவர் பிற மதத்தார் அனைவரையும் வெறுத்தவரா? அவ்வாறும் சொல்ல முடியவில்லையே! 1791இல் மராட்டியப் படையைச் சேர்ந்தவர்கள் சிருங்கேரி மடத்தைக் கொள்ளையிட்டு, சாரதா தேவியின் திருவுருவத்தையும் பெயர்த்தெறிந்தபோது, மீண்டும் பிரதிட்டை செய்வதற்குப் பணமும் தானியமும் அனுப்பியவர் திப்புவே. மடத்தின் சுவாமிகளுக்கு அவர் மிகுந்த பணிவுடன் எழுதிய கன்னடக் கடிதங்கள் 1916இல் மடத்திலேயே கண்டெடுக்கப்பட்டன. நஞ்சன்கூடு கோயிலில் அவர் அளித்த மரகத லிங்கம் இருக்கிறது. சீரங்கப்பட்டணத்து அரங்கநாதர் கோயில் அவர் அரண்மனைக்கு அருகிலேயே நின்றது. அதன் மணியோசை அவர் ஆட்சி முழுவதும் நிற்கவில்லை. அமைச்சர் பூர்ணய்யாவோ பிராமணர். தமக்கு அடங்கியிருந்தவரை யாராயினும் காத்தார், பகைவரோடு சேர்ந்தார் என்று ஐயுற்றால் யாராயினும் நசுக்கினார் என்று சிலர் விளக்கம் சொல்கிறார்கள். விளக்கம் சரியாகவே இருக்கலாம். ஆனால் மங்களூரில் நடந்தது அரசியல் தண்டனை மட்டுமே என்றால், மதம் மாற்றுவானேன்? எனக்கு இந்தக் கேள்விக்கு விடை கிடைக்கவில்லை.

ஆட்சி முறையில் திப்பு ஓய்வறியாதவர். ரஷ்யச் சக்கரவர்த்தி பீட்டர் தம் மக்களின் தாடியைக்கூடச் சிரைக்கச் சொல்லி நாட்டைப் புதுமையாக்க முயன்றார் அல்லவா? ஏறத்தாழ அதே வேகம் திப்புவிடமும் இருந்தது. புதிய நாட்காட்டி, புதிய மாதப் பெயர்கள், புதிய நாணயங்கள், புதிய எடை அளவுகள் என்று எல்லாவற்றையும் மாற்றினார். ஊர்களுக்கும் பெயர் மாற்றம். திண்டுக்கல் காலிகாபாத் ஆயிற்று, தாம் பிறந்த தேவனஹள்ளி யூசுபாபாத் ஆயிற்று. அவர் மறைந்ததும் மக்கள் பழைய பெயருக்கே திரும்பிவிட்டார்கள். மது விற்பனையை ஒடுக்கினார். மஸ்கட்டில் வணிகக் கிடங்கு வைத்து மிளகும் சந்தனமும் அரிசியும் விற்றார். காவிரிக்குக் குறுக்கே கண்ணம்பாடியில் அணை கட்ட அவர் எண்ணியதைக் கூறும் பாரசீகக் கல்வெட்டு, பிற்காலத்தில் அங்கே கிருஷ்ணராஜ சாகர் அணை கட்டும்போது கிடைத்தது.

அவர் செய்தவற்றுள் நிலைத்து நின்றது பட்டு. 1786இல் வங்காளத்துக்கு ஆளனுப்பிப் பட்டுப்புழு வரவழைத்து, 21 இடங்களில் வளர்க்க ஏற்பாடு செய்தார். முசுக்கொட்டைச் செடி பயிரிடும்படி குடிமக்களை ஊக்குவித்தார். மைசூர்ப் பட்டு உலகப் புகழ் பெற்றதற்கு அது தொடக்கம். இன்று தருமபுரியில் பட்டுக்கூடு அங்காடிக்குக் காலை நேரத்தில் மூட்டை மூட்டையாகக் கூடுகள் வந்து இறங்குகின்றன. புழுவுக்கு இலை நறுக்கிப் போட்டுவிட்டுப் பள்ளிக்கு ஓடி வரும் மாணவியர் நம் வகுப்புகளிலும் உண்டு. இலை பறிக்கும்போது அவர்கள் திப்புவை நினைக்கிறார்களோ இல்லையோ!

புலி அவருடைய சின்னம். ஆடையில், துப்பாக்கியில், பீரங்கி வாயில், அரியணையின் காலில் என்று எங்கும் புலியும் புலிக் கோடுகளும் காணப்பட்டன. ஆங்கிலச் சிப்பாயைப் புலி கடித்துக் குதறுவதுபோல் மரத்தில் செய்த ஒரு பொம்மை அவரிடம் இருந்தது. கைப்பிடியைச் சுழற்றினால் புலி உறுமும், மனிதன் அலறுவான். அது இப்போது இலண்டன் நகரில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இதைவிட எனக்கு வியப்பாகத் தோன்றுவது வேறொன்று. தாம் கண்ட கனவுகளைத் திப்பு தம் கைப்படவே ஒரு சிறு ஏட்டில் எழுதி, ஒருவருக்கும் தெரியாமல் வைத்திருந்தார். முப்பத்தேழு கனவுகள் அதில் உள்ளன. பகலெல்லாம் கட்டளையிட்ட அரசர் விடியற்காலையில் தனியே அமர்ந்து கனவை எழுதும் காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள்.

1789 டிசம்பரில் திருவிதாங்கூர் எல்லை அரணை அவர் தாக்கியது பெரும் பிழையாயிற்று. திருவிதாங்கூர் ஆங்கிலேயரின் நட்பு நாடு. அமெரிக்காவில் ஜார்ஜ் வாஷிங்டனிடம் தோற்றுச் சரணடைந்த அதே காரன்வாலிஸ் பிரபு இப்போது இந்தியாவில் தலைமை ஆளுநர். அவர் நிசாமையும் மராட்டியரையும் தம் பக்கம் சேர்த்துக்கொண்டார். திப்புவுக்குத் துணை எவருமில்லை. பிரான்சுக்கு அவர் அனுப்பிய மூன்று தூதர்களை 1788இல் பதினாறாம் லூயி மன்னர் வெர்சேல்ஸ் அரண்மனையில் வரவேற்று விருந்தளித்தாரே தவிரப் படை தரவில்லை. அடுத்த ஆண்டே அங்குப் புரட்சி வெடித்தது. பின்னர் அம்மன்னரின் தலையே போயிற்று.

போர் மீண்டும் நம் வாசலுக்கு வந்தது. 1790 நவம்பரில் கர்னல் மாக்ஸ்வெல் படையுடன் பாராமகாலில் நுழைந்து காவேரிப்பட்டினத்தருகே தங்கினார். அவரை மடக்கத் திப்பு விரைந்து வந்தார். பின்னாலேயே தளபதி மெடோஸ் மற்றொரு படையுடன் வந்தார். இரு படைகளுக்கும் நடுவே சிக்கியிருக்க வேண்டிய திப்பு, தொப்பூர் கணவாய் வழியாக நழுவித் தெற்கே திருச்சிப் பக்கம் சென்றுவிட்டார். இன்று சேலம் செல்லும் லாரிகள் திணறி ஏறி இறங்கும் அதே தொப்பூர்தான்! 1791இல் பெங்களூர் வீழ்ந்தது; அவ்வாண்டு ஜூலையில் ஓசூரும் இராயக்கோட்டையும் வீழ்ந்தன. அக்டோபர் இறுதியில் மாக்ஸ்வெல் பென்னாகரம் கோட்டையைத் தாக்கிப் பிடித்தார். உள்ளே இருந்த வீரர்களில் பெரும்பாலோர் மாண்டனர். அடுத்த வாரமே கிருஷ்ணகிரிக் கோட்டையைத் தாக்கினார். கீழே பேட்டையைப் பிடித்தார். மலைமேல் ஏற முடியவில்லை. மேலிருந்து உருட்டிவிடப்பட்ட பாறைகள் ஏணிகளையும் ஆட்களையும் நசுக்கின. அந்தக் கோட்டை இறுதிவரை போரில் வீழவில்லை, சமாதானத்தில்தான் கைமாறியது.

1792 பிப்ரவரியில் சீரங்கப்பட்டணம் முற்றுகையிடப்பட்டது. வேறு வழியின்றித் திப்பு பணிந்தார். நாட்டில் பாதியும், மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாயும் தர வேண்டும். பணம் கட்டி முடியும்வரை புதல்வர் இருவரைப் பிணையாக அனுப்ப வேண்டும். பத்து வயது அப்துல் காலிக், எட்டு வயது முயிசுத்தீன் என்னும் அச்சிறுவர்கள் முத்துமாலை அணிந்து யானைமேல் ஏறி ஆங்கிலேயர் பாசறைக்கு வந்தனர். காரன்வாலிஸ் அவர்களைக் கைபிடித்து அழைத்து, ஆளுக்கொரு தங்கக் கடிகாரம் கொடுத்தார். வெள்ளைக்கார ஓவியர்கள் இக்காட்சியைப் பலவாறு தீட்டினார்கள். இளையவனின் தாய் பீரங்கி முழக்கத்தின் அச்சத்தால் சில நாட்களுக்கு முன்னரே உயிர்விட்டிருந்தார் என்று உடனிருந்த ஓர் ஆங்கில அதிகாரி எழுதி வைத்திருக்கிறார். ஓவியம் எதிலும் அது இல்லை. இரண்டு ஆண்டுகள் சென்னையில் வைக்கப்பட்டு, 1794இல் அச்சிறுவர்கள் தந்தையிடம் திரும்பினர்.

பாராமகால் ஆங்கிலேயருக்குச் சொந்தமாயிற்று. காப்டன் ரீடும் அவருடைய உதவியாளரான தாமஸ் மன்றோவும் நிலங்களை அளந்து, உழவனிடமே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறையை இங்கேதான் தொடங்கினார்கள். மன்றோ ஏழாண்டுகள் நம் தருமபுரியில் வாழ்ந்தவர்; பின்னர் சென்னை மாகாணத்துக்கே கவர்னரானவர். அவர் கதை தனியே எழுத வேண்டிய கதை.

திப்பு கடனை அடைத்தார், படையைத் திருத்தினார், கோட்டையைப் பலப்படுத்தினார். மெத்தையில் படுப்பதை விட்டுத் தரையில் முரட்டுத் துணி விரித்துப் படுத்தார் என்று சொல்வர். எகிப்தில் இறங்கியிருந்த நெப்போலியன் அவருக்கு எழுதிய கடிதம் வழியிலேயே ஆங்கிலேயர் கையில் சிக்கியது. வெல்லெஸ்லி பிரபுவுக்கு அந்த அச்சமே போருக்குப் போதுமான காரணமாயிற்று. 1799இல் தளபதி ஹாரிஸ் வேலூரிலிருந்து புறப்பட்டு, இராயக்கோட்டை வழியாக மைசூருக்குள் நுழைந்தார். ஒரு காலத்தில் திப்புவின் களஞ்சியமாக இருந்த நம் பகுதியிலிருந்தே இப்போது எதிரிப் படைக்குத் தானியமும் மாடுகளும் சென்றன.

மே மாதம் 4ஆம் நாள். சோதிடர்கள் அந்நாள் தீயது என்றார்கள். திப்பு குளித்து, தான தருமங்கள் செய்தார். கோட்டைச் சுவரில் ஏற்கெனவே பிளவு விழுந்திருந்தது. நண்பகல் உணவுக்கு அமர்ந்தவரிடம், நம்பிக்கைக்குரிய தளபதி சையத் கபார் குண்டடிபட்டு இறந்த செய்தி வந்தது. பாதி உணவில் கை கழுவி எழுந்தார். அதே நேரம், சம்பளம் தருவதாகச் சொல்லி அமைச்சர் மீர் சாதிக் சுவரிலிருந்த காவலரை அப்பால் அழைத்துவிட்டான் என்பர். பகல் ஒரு மணிக்கு ஆங்கிலேயப் படை ஆற்றைக் கடந்து பாய்ந்தது. தலைமை தாங்கி வந்தவர் யார் தெரியுமா? முன்பு அதே ஊரில் விலங்கோடு கிடந்த டேவிட் பெயர்டு!

திப்பு சாதாரண வீரனைப்போல் சுவரோரம் நின்று சுட்டார். குண்டுகள் பட்டன. தப்பிச் செல்ல வழியிருந்தும் செல்லவில்லை. வாயிலின் நெரிசலில் குதிரையும் வீழ்ந்தது. காயமுற்றுக் கிடந்தவரின் மணி பதித்த வாள்பட்டையை ஒரு சிப்பாய் பறிக்க முயல, அந்நிலையிலும் வாளை வீசினார். அவன் அவரது நெற்றிப் பொட்டில் சுட்டான். அரசர் என்று அவனுக்குத் தெரியாது. இரவில் பந்தம் பிடித்துப் பிணக்குவியலைப் புரட்டித் தேடினார்கள். உடல் இன்னும் சூடாக இருந்தது, கண்கள் திறந்திருந்தன. ஆர்தர் வெல்லெஸ்லி நாடி பிடித்துப் பார்த்த பின்னரே இறந்தார் என்று நம்பினார்கள். ஐம்பது வயதைக்கூட அவர் எட்டவில்லை.

மறுநாள் மாலை தாய் தந்தையரின் பக்கத்திலேயே அடக்கம் செய்தனர். அப்போது பெய்த பேய்மழையும் இடியும் அங்கிருந்தோர் அதுவரை காணாதவை. ஊரோ இரவெல்லாம் கொள்ளையிடப்பட்டது. அரியணையைத் துண்டு துண்டாக வெட்டிப் பங்கிட்டார்கள்.

ஐந்து வயது உடையார் இளவரசர் மைசூர் அரியணையில் அமர்த்தப்பட்டார். பூர்ணய்யாவே திவானானார். சீரங்கப்பட்டணத்துச் சிறைவாழ்வில் எஞ்சியிருந்த கத்தோலிக்கர் விடுதலை பெற்று மங்களூருக்குத் திரும்பினர். அங்கேயே தங்கிவிட்டவர்களைத் தேடி, பிரெஞ்சு நாட்டுக் குருவாகிய அபே துபுவா சென்றார். பதினைந்து ஆண்டுகளாகக் குருவானவரையோ திருப்பலியையோ காணாத அம்மக்களை ஒன்றுசேர்த்து ஆலயம் எழுப்பி, உழவுக்கு வழி செய்து, அம்மை குத்தும் பணியையும் அவர் மைசூர் நாட்டில் பரப்பினார். அதே ஆண்டில் திப்புவின் மனைவியரும் மக்களும் ஊரைவிட்டு வேலூர்க் கோட்டைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். முன்பு பிணையாகச் சென்ற இரு சிறுவர்களும், இளைஞராகி, அக்கூட்டத்தில் இருந்தனர்.

1806 ஜூலை 10ஆம் நாள் விடியுமுன் வேலூரில் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது கோட்டையில் ஏற்றிய கொடி திப்புவின் புலிக்கொடி. சில மணி நேரமே அது பறந்தது. அதன்பின் இளவரசர்கள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர். இளையவர் குலாம் முகம்மது 1842இல் அங்கே கட்டிய பள்ளிவாசல், தந்தையின் பெயரால் இன்றும் தர்மதலாவில் நிற்கிறது.